எச்சில் கேட்டுப் போன இடங்கள்

துப்புகிறவர்களைக் கண்டால் ஊரே முகம் சுளிக்கும். எனக்கு அவர்கள் துப்பினால்தான் வேலை. வாய்ப் புற்றை ஆரம்பத்திலேயே காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள் எச்சிலில் உண்டா என்று பார்க்கும் ஓர் ஆராய்ச்சிக்காக, தென்காசி வட்டாரத்தில் குழாயும் ஐஸ் பெட்டியுமாக அலைகிறவள் நான். வீடு வீடாகக் கதவு தட்டிப் பிழைக்கும் சக ஜீவன்களே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

ஒரு மணி நேரம்

எச்சில் எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே வாயில் எதுவும் போடக் கூடாது. புளியறை செக்போஸ்ட்டில் வரிசையில் நின்ற லாரி டிரைவர் ஒருவரிடம் இதைப் பக்குவமாகச் சொன்னேன். அடக்கியிருந்த புகையிலையைத் துப்பி, வாய் கொப்பளித்து, நல்ல பிள்ளையாக உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பொட்டலத்தை எடுத்தார், பார்த்தார், திரும்ப வைத்தார். கடைசியில் எழுந்தே விட்டார்.

“ஒரு மணி நேரம் போடாம இருக்க முடிஞ்சா, நான் எதுக்கு தாயி ஒன் குழாயில துப்பணும்?”

சுண்ணாம்பு

மேலகரத்தில் பீடி சுற்றும் பேச்சியம்மாள் அக்கா அப்படியில்லை. சொன்னபடி இருந்தார். கொழுந்தன் வாசலில் நிற்கிறாரே என்று சுவர்ப் பக்கம் திரும்பி, முந்தானையால் மறைத்துக்கொண்டு துப்பித் தந்தார். உள்கன்னத்தில் வெள்ளையாக ஒரு திட்டு இருந்தது. என்னவென்று கேட்டேன். இந்தத் தொழிலில் நான் அதிகம் கேட்ட பதில் அதுதான்.

“வெத்தலையில சுண்ணாம்பு கூடிப்போயி வாய் பொத்துப்போனது. எங்க தெருவுல யாருக்குத்தான் இல்ல?”

வலிக்காத சேதி

அக்காவின் எச்சிலைச் சோதித்ததில் புற்றோ என்ற சந்தேகம் வந்தது. டாக்டர் அனுப்பி நான்தான் சொல்லப் போனேன். துளி சதை எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகும், புற்றாகவே இருந்தாலும் இப்போதே வந்தால் காப்பாற்றிவிடலாம் என்று கெஞ்சினேன். அக்கா பீடி இலையை வெட்டிக்கொண்டே கேட்டார். கையைப் பிடித்து இழுத்துப் போகலாமா என்றுகூடத் தோன்றியது.

“வலியும் இல்ல, ரத்தமும் இல்ல. ஒண்ணுமில்லாததுக்குப் போயி ஆஸ்பத்திரியில படுத்தா, ஊரு என்ன சொல்லும்?”

சாரல்

சீசனில் அக்காவைக் குற்றாலத்தில் பார்த்தேன். மலை மூலிகையில் ஊறி வருகிற தண்ணீர் என்று, அருவி நீரை வாய் நிறைய அடக்கிக் கண்ணை மூடி நின்றார். என்னைக் கண்டதும் துப்பிவிட்டுச் சிரித்தார். வாய் முழுசாகத் திறக்கவில்லை; நோய் முற்றுகிற அடையாளம் அது. அங்கேயே அழுதுவிட்டேன், நல்லவேளை, அருவிக் கரையில் அது யாருக்கும் தெரியாது.

“எரிச்சல் கொறஞ்சிருக்கு தங்கச்சி. இன்னும் நாலு குளிப்பு குளிச்சா போயிரும்.”

செல்வி

தை மாதம் அக்காவே ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டி கழுத்துக்கு இறங்கியிருந்தது. அறுக்கும் கட்டம் தாண்டிவிட்டது, இனி வலி குறையத்தான் மருந்து என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரம் மறுபடி வந்தார், கூடவே பீடி சுற்றும் செல்வியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு. அன்றைய வேலை கெட்ட கோபத்தில் செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அக்காவுக்கு நாக்கு குழறியது. ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

“இவ கன்னத்துலயும் வெள்ளத் திட்டு. ஆனா ஒரு வலியும் கெடையாது. அதான் கூட்டியாந்தேன். மொதல்ல இவளப் பாரு.”

வலிக்காத நோயை நம்பவைக்கும் குழாய் எதுவும் எங்கள் பெட்டியில் இல்லை. அதற்குப் பேச்சியம்மாள் அக்காதான் வேண்டியிருந்தது.