லேபிள் ஃபைலுக்கு நான் எழுதிய விளக்கம்

ரெண்டாயிரத்துக்கு அப்புறம் நாலஞ்சு வருசம், சிவகாசியில பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற ஒரு அச்சகத்துல கம்ப்யூட்டரெல்லாம் என் பொறுப்பு. டிசைன் மாற மாறப் பழசையும் புதுசையும் பத்திரமா வச்சிக்கிற மென்பொருள் ஒண்ணைக் கொண்டாந்து போட்டேன். அதுக்கு ஒரு வியாதி. எந்த ஃபைலைக் கொடுத்தாலும் எழுத்துன்னு நெனச்சு, வரி முடியிற எடத்தையெல்லாம் திருத்திரும். கடுதாசியா இருந்தாப் பரவாயில்ல. லேபிள் படமா இருந்தா அம்புட்டுத்தான், செத்துச்சு. எது எழுத்து, எது தொடக்கூடாத படம்னு தனியா ஒரு சின்ன ஃபைல்ல சொல்லி வச்சாத்தான் சும்மா இருக்கும்.

அதை எப்படிச் சொல்றதுன்னு மென்பொருளோட ஒரு விளக்கம் வந்துச்சு. எழுதினவனுக்கே வெளங்கியிருக்குமாங்கிறது சந்தேகம். நான் தமிழ்ல, ஒரே பக்கத்துல, கையால தெளிவா எழுதினேன். 'இதில் உள்ளபடியே அடிக்கவும்'னு அடிக்கோடு வேற. பெருமை தாங்கல எனக்கு.

முதல்ல டிசைனர் அண்ணாச்சிகிட்டதான் கொடுத்தேன். விஸ்வநத்தத்துல இருந்து வர்றவர். அதைப் பாத்து அந்தச் சின்ன ஃபைலை டைப் அடிச்சு வச்சார். மூணு வாரம் உக்காந்து வரைஞ்ச சீசன் லேபிள்களை மென்பொருள்ல ஏத்திட்டு, எடம் பத்தலைன்னு தன் கம்ப்யூட்டர்ல அழிச்சிட்டார். திரும்ப எடுத்தா ஒரு படமும் தெறக்கல. முதலாளி கத்தின கத்துல மிஷின் சத்தமே கேக்கல. "நாளையில இருந்து கட்டிங் மிஷினுக்குப் போயிருங்க. கம்ப்யூட்டர்ல கை வைக்காதீக."

நானும் விட்டேனா? அவர் அடிச்ச ஃபைலைத் தெறந்தா, உச்சியில ஒரு பிள்ளையார் சுழி! அந்தத் தமிழெழுத்துக்காக நோட்பேட் வேற வடிவத்துல சேமிக்கவான்னு கேட்டிருக்கு, இவரும் சரின்னுட்டார். மென்பொருளுக்கு மொத்த ஃபைலும் புரியாமப் போச்சு. "சாமியை எங்கன வைக்கணும்னு ஒரு விவஸ்தை வேண்டாமா அண்ணாச்சி?"ன்னு எல்லாரும் பாக்கக் குதிச்சேன்.

அவர் சட்டைப் பையில இருந்து என் பக்கத்தை எடுத்து நீட்டினார். "உள்ளபடியேதான அடிச்சேன் தம்பி."

உச்சியில, என் பேனாவால, பளிச்சுன்னு பிள்ளையார் சுழி. எதை எழுத ஆரம்பிச்சாலும் என் கை தானாப் போட்டுரும்.

முதலாளி ரூம் பத்தடி தூரம். நான் போகல. பக்கத்தை மடிச்சு என் பையில வச்சிக்கிட்டேன். மறுநாள் புது விளக்கம் எழுதினேன், சுழி இல்லாம, 'வேறு எதையும் சேர்க்கக் கூடாது'ன்னு ஒரு வரி கூட்டி. முதலாளி வாசிச்சிட்டு, "இப்படியில்ல தெளிவா எழுதணும்!"னு தோள்ல தட்டினார்.

அண்ணாச்சி அந்த சீசன் முழுக்க கட்டிங் மிஷின்ல நின்னார். என்னைக் கண்டா, "சாப்பிட்டீகளா தம்பி"ன்னு கேப்பார். வெக்கம் பிடுங்கித் தின்னும். "ஆச்சு அண்ணாச்சி"ன்னுட்டு நடையைக் கட்டிருவேன்.