போடிலும் அணையாத மஞ்சள் விளக்கும்

போடில் ஓர் இயந்திரத்தின் பக்கத்தில் கண்ணை மூடி நின்றால் அதில் எந்த உருளை சோம்பல்படுகிறது என்று சொல்லிவிடுவாள். மனிதர்கள் பேசுவது மட்டும் இரண்டாவது முறைதான் அவள் காதில் விழும். கல்யாணத்துக்குக்கூட இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது என்று அவள் கணவன் சொல்வான். முதல் தடவை கேட்டபோது அவள் தலை ஒரு படகின் இயந்திர அறைக்குள் இருந்தது.

வயது ஐம்பத்தைந்து. மோர்ஸ் தீவில் பிறந்தவள். அப்பா ஃபியோர்டில், தீவை ஒட்டி உள்ளே புகுந்த கடலில், சிப்பி அள்ளினார். பள்ளிக்கூடச் சமையலறையில் இரண்டு வருடம் வேலை பார்த்தாள். உருளைக்கிழங்கு தோல் சீவும் இயந்திரத்தை அக்குவேறாகக் கழற்றிப் பூட்டிய நாளில் தலைமைச் சமையல்காரி அவளை ஓரமாகக் கூப்பிட்டு, நீ இங்கே இருக்க வேண்டியவள் இல்லை என்றாள். அப்போது விவசாய இயந்திரப் பட்டறைக்குப் போனவள்தான். முப்பது வருடமாகிறது. சரிசெய்யாமல் விட்ட வண்டி என்று ஒன்று அவள் கணக்கில் இல்லை. இதை அவளாக யாரிடமும் சொல்லமாட்டாள். மற்றவர்கள் சொல்லும்போது மட்டும் முதல் தடவையே காதில் விழும்.

அந்த ஆகஸ்டில் லௌரிட்ஸின் அறுவடை இயந்திரம் அந்தப் பெயருக்கு உலை வைத்தது.

டீசல் புகையில் வரும் கரியைப் பிடித்துவைக்க இயந்திரத்தின் பின்னால் பால்கேன் அளவில் ஒரு வடிகட்டி உண்டு. கரி சேரச் சேர, இயந்திரம் தன் புகையைத் தானே சூடாக்கி அதை எரித்துவிடும். முக்கால் மணி நேரமாகும். அதுவரை ஓட்டுநர் முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். முடிந்ததும் அணையும். லௌரிட்ஸின் வண்டியில் அது அணைவதில்லை. கரி ஏறிக்கொண்டே போனது. ஏற ஏற, வண்டி மூச்சு வாங்கியது.

முதல் தடவை போனபோது வடிகட்டியின் அழுத்தத்தை அளக்கும் சென்சாரை மாற்றினாள். இரண்டாவது தடவை அதற்குப் போகும் இரண்டு மெல்லிய குழாய்களை. மூன்றாவது தடவை புகைக்குழாய்க்குள் டீசல் தெளிக்கும் மூக்கை. ஒவ்வொரு தடவையும் வண்டியை முற்றத்தில் நிறுத்தி, லேப்டாப் வழியாக ஆணை கொடுத்து, கரி முழுவதையும் எரித்துவிட்டுத்தான் வந்தாள். ஒவ்வொரு தடவையும் விளக்கு அணைந்தது. லௌரிட்ஸ், "மோசமில்ல" என்றான். அந்தத் தீவில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. நாலாம் நாள் மறுபடி போன் வரும்.

வியாழக்கிழமை பட்டறை மேலாளர் சொல்லிவிட்டார்: "இன்னிக்கும் முடியலன்னா புது ஃபில்டர்தான். திங்கக்கிழமை வரும்."

திங்கட்கிழமைக்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்த வியாழன் இரவே எட்டு மணிக்கு மழை. ஞாயிறு வரை விடாது என்று வானிலை அறிக்கை. லௌரிட்ஸின் வயலில் பதினோரு ஹெக்டேர் பீர் பார்லி பழுத்து நின்றது. மூன்று நாள் நனைந்தால் கதிரிலேயே முளை கட்டும். பீர் ஆலை தொடாது. பன்றித் தீவனமாகத்தான் போகும். லௌரிட்ஸிடம் பன்றிகூடக் கிடையாது.

அவன் முற்றத்தில் நின்றிருந்தான். போடிலோடு ஒரே பள்ளிப் பேருந்தில் போனவன். அவளைவிட மூன்று வயது பெரியவன், இடது காது மந்தம்.

"வந்துட்டியா? நாலாவது தடவை. இனிமே இங்கயே ஒரு கட்டில் போட்டுடறேன்."

"கட்டில் வேணாம். கரி எவ்வளவுன்னு பார்த்தியா?"

"தொண்ணூத்தி நாலு பர்சன்ட்."

"நூறு தொட்டா லேப்டாப்பே எரிக்க மாட்டேன்னுடும். தெரியுமில்ல?"

"தெரியும். போன தடவையும் சொன்னே. அதுக்கு முந்தியும் சொன்னே."

வண்டி மேலிருந்த வைக்கோல் தூசியைக் காற்றடித்துச் சுத்தம் செய்தார்கள். வைக்கோல் கிடக்கும் வயலில் வண்டியை நிறுத்திவைத்து எரிக்க முடியாது, தீப்பிடிக்கும். லேப்டாப்பை மாட்டி எரிப்பைத் தொடங்கினாள். இயந்திரம் குரலை உயர்த்தியது. மணி இரண்டேகால்.

காத்திருந்த நேரத்தில் பழைய பதிவுகளைப் புரட்டினாள். இந்தப் பருவத்தில் தொடங்கிய எரிப்பு நாற்பத்தொன்று. முடிந்தது மூன்று. மூன்றும் அவள் முற்றத்தில் செய்தவை. மற்ற எல்லாவற்றுக்கும் எதிரில் ஒரே வரி: சாவியால் நிறுத்தப்பட்டது. இந்த வரியை அவள் முதல் நாளே பார்த்திருந்தாள். எரிப்பை நிறுத்துகிறாயா என்று அன்றே கேட்டாள். "எரிப்பை நிறுத்துற பட்டனைத் தொட்டதே இல்ல" என்றான் லௌரிட்ஸ். லௌரிட்ஸ் பொய் சொல்லமாட்டான். எனவே பொய் சொல்வது கணினி என்று முடிவுகட்டி, சாவிக்குப் போகும் ஒயர் முழுவதையும் விரல் விரலாகத் தடவிப் பார்த்தாள். ஒயரில் ஒரு குறையும் இல்லை.

முப்பத்து மூன்று நிமிடம் ஆகியிருந்தது. கரி நாற்பதுக்கு இறங்கியிருந்தது. முற்றத்துக்குள் ஒரு டிராக்டர் காலி டிரெய்லரோடு திரும்பி வந்தது. ஓட்டிவந்தவள் லௌரிட்ஸின் அக்கா டாக்னி. காலையில் அறுத்ததைத் தானிய உலர்த்தியில் கொட்டிவிட்டு வருகிறாள். இறங்கும்போதே கையில் சிவப்பு பிளாஸ்க், கக்கத்தில் ஏலக்காய் பன் வைத்த பை.

லௌரிட்ஸ் எழுந்தான். பேண்டில் கையைத் துடைத்துக்கொண்டான். அறுவடை இயந்திரத்தின் ஏணியில் ஏறினான். கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே கையை நீட்டினான்.

போடில் பார்த்துவிட்டாள்.

"தொடாதே!"

கை அப்படியே நின்றது. அவன் திரும்பிப் பார்த்தான். "காபி வந்திருக்கு."

"கண்ணு தெரியுது எனக்கு. சாவிகிட்ட உனக்கு என்ன வேலை?"

"காபி வந்திருக்குன்னு சொல்றேனே." அதற்கு மேல் விளக்கம் வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

போடிலுக்கும் இதுவரை தோன்றியதில்லை. மூன்று தடவை வந்து மூன்று தடவையும் காபி குடித்திருக்கிறாள். இரண்டாவது தடவை, "அதை அணைச்சுத் தொலையேன், பேசறது காதுல விழல" என்று சொன்னது அவளேதான். பதிவில் அதுவும் இருக்கும். நாற்பத்தொன்றில் ஒன்று அவள் பேரில்.

"கீழ இறங்கு. ஒரு நாளைக்கு எத்தனை காபி?"

"லோடுக்கு ஒண்ணு."

"தானியத் தொட்டி ரொம்ப எவ்வளவு நேரம்?"

"அரை மணி. என்ன, சின்னக் கப்தானே."

"ஒவ்வொரு தடவையும் அணைக்கிறே."

"அணைக்காம எப்படிக் காபி குடிக்கிறது?"

"போன வருஷம்?"

லௌரிட்ஸ் யோசித்தான். போன வருடம் பக்கத்துப் பண்ணை ரெக்னர் டிராக்டர் ஓட்டினார். அறுக்க அறுக்கக் கூடவே ஓட்டிவந்து, ஓட்டத்திலேயே தானியத்தை வாங்கிக்கொள்வார். வண்டி நின்றதே இல்லை. காபியை ரெக்னர் அவர் வீட்டில் குடித்தார். இந்த வசந்தத்தில் ரெக்னருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. ஆல்போர்க் நகரிலிருந்து ஓய்வுபெற்று வந்த டாக்னி, டிராக்டர் தனக்கு இன்னும் மறக்கவில்லை என்றாள். ஆனால் ஓடும் இயந்திரத்தை ஒட்டி ஓட்ட அவளுக்குத் துணிச்சல் இல்லை. வயலோரம் நிற்பாள். லௌரிட்ஸ் அங்கே வந்து கொட்டுவான். பிறகு காபி.

அரை மணிக்கு ஒரு காபி. எரிய முக்கால் மணி வேண்டும்.

"அப்போ கோளாறு நான்தான்" என்றாள் டாக்னி.

இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

சென்சாராக இருந்தால் போடில் கழற்றி எறிந்திருப்பாள். இங்கே விஷயம் வேறு. அப்பாவின் படகுக் கொட்டகை யாருக்கு என்பதில் அக்காளும் தம்பியும் ஒன்பது வருடம் பேசாமல் இருந்தவர்கள். தீவுக்கே தெரியும். போடிலுக்கு அவள் கணவன் இரண்டு தடவை சொல்லியிருக்கிறான். ஒன்பது வருடப் பேச்சைத்தான் இந்தக் கோடையில் லோடு லோடாகப் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள், இயந்திரத்தை அணைத்துவிட்டு, அவனுடைய வலது காதுப் பக்கமாக உட்கார்ந்து.

டாக்னி பிளாஸ்க்கின் மூடியைத் திருகி மூடினாள். "சரி. காபியை நிறுத்திடுவோம். அறுப்பு முடியட்டும்."

லௌரிட்ஸ் தன் பூட்ஸைப் பார்த்தான்.

போடில் ஏணியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தாள். ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில், வலது பக்கம், மடக்கி விரிக்கும் சின்ன இருக்கை ஒன்று. தொழிற்சாலையில் போட்ட பிளாஸ்டிக் உறைகூடக் கிழியவில்லை. அதன்மேல் பிஸ்கட் டின்னில் திருகாணிகள்.

"இது எதுக்கு இருக்கு?"

"அது சும்மா."

"அக்கா இதுல உக்காரட்டும். கண்ணாடியைச் சாத்தினா உள்ள சத்தமே இல்ல. தொட்டி ரொம்ப அரை மணி. அவ போய்க் கொட்டிட்டு வர கால் மணி. மீதி கால் மணி நேரம் இங்க ஏறி உக்காந்து உனக்குக் காபி ஊத்தட்டும். நீ பாட்டுக்கு அறு."

லௌரிட்ஸின் முகத்தில் முதல் தடவையாக உண்மையான கவலை தெரிந்தது.

"உள்ள கார்ப்பெட் போட்டிருக்கேன்."

"டேய், பூட்ஸைக் கழட்டிட்டுத்தான்டா ஏறுவேன்" என்றாள் டாக்னி. "எனக்கு அவ்வளவு தெரியாதா? உன் காலைக் கழுவி விட்டவ நான்."

விளக்கு அணைந்தபோது கரி ஆறு. மணி மூன்று. போடில் பட்டறைக்குத் திரும்பவில்லை. வயலோரத்தில் வேனை நிறுத்திக் கறுப்பு ரை ரொட்டியைப் பிரித்தாள். மேற்கே ஃபியோர்டின் மேல் வானம் ஈயமாகிக்கொண்டிருந்தது.

தொட்டி நிரம்பும்போது லௌரிட்ஸ் வயலோரம் வந்தான், அணைக்காமல் கொட்டினான், போனான். டாக்னி உலர்த்திக்குப் போய்த் திரும்பியதும் ஏணியின் கீழ்ப்படியில் பூட்ஸை விட்டுவிட்டு, பிளாஸ்க்கோடு ஏறினாள். பூட்ஸ் இரண்டும் ஏணியில் தொங்கிக்கொண்டே வயலைச் சுற்றி வந்தன. கண்ணாடிக்குள் இரண்டு தலைகள். டாக்னியின் கை கொட்டகை இருக்கும் திசையைக் காட்டியது. லௌரிட்ஸின் தலை இல்லை இல்லை என்று ஆடியது. இருவர் வாயும் ஒரே நேரத்தில் அசைந்தது. அறுத்த வரி மட்டும் கோடு போட்டதுபோல் நேராக வந்தது.

ஆறு மணிக்கு லௌரிட்ஸ் உள்ளிருந்து ஒரு விரலை உயர்த்திக் காட்டினான். மஞ்சள் விளக்கு. போடில் மிச்ச ரொட்டியைக் கீழே வைத்தாள். டாக்னி ஒரு முறை ஏறி இறங்கினாள். வண்டி நிற்கவில்லை. ஏழுக்குக் கொஞ்சம் முன்னால் லௌரிட்ஸ் மறுபடி ஒரு விரலைக் காட்டி மடக்கினான். இந்தக் கோடையில் வயலிலேயே முடிந்த முதல் எரிப்பு.

எட்டு மணிக்கு மழை சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. இரண்டு வரி மிச்சம் நின்றது. வைக்கோல் நனைந்து அறுக்கும் பாகத்தில் சுற்றிக்கொள்ளத் தொடங்கியதும் லௌரிட்ஸ் சாவியைத் திருப்பினான். சட்டென்று வயல் முழுவதும் மழைச் சத்தம்.

மேலாளர் போன் செய்தார். "ஃபில்டர் ஆர்டர் பண்ணட்டுமா?"

"வேணாம். முடிஞ்சுது."

"என்ன கோளாறு?"

"ரெண்டாவது சீட்."

"சீட்டா? என்ன சொல்றே? போடில்?"

காதில் விழாததுபோல் போனை வைத்தாள். இரண்டாவது தடவை கேட்டும் அவள் பதில் சொல்லாதது அதுதான் முதல் முறை.

லௌரிட்ஸ் டிரெய்லரின் தார்ப்பாயைத் தூக்கி, பார்லிக்குள் முழங்கை வரை கையை விட்டான். உலர்ந்திருந்தது. அக்கா சாக்ஸோடு ஈர வைக்கோலில் நின்று மழை நிறைந்த பூட்ஸைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"மோசமில்ல" என்றான்.

"பார்லியா, என் காபியா?"

அவன் யோசித்தான். "கொட்டகையைப் பத்தி நீ சொன்னதுதான் மோசம்."

"ஏறு மேல" என்றாள் டாக்னி. "இன்னும் அரை பிளாஸ்க் இருக்கு."