பச்சைமலைக்கு முன் விராலிமலை

சனிக்கிழமை காலை 6.40. அறந்தாங்கி பேருந்து நிலையத்தில் மூட்டைகள் நான்கு, ஆட்கள் மூவர்: அத்தா, அம்மா, நான். போகும் இடம் விராலிமலை. போக ஆசைப்படும் இடம் பச்சைமலை.

அத்தா குவைத்தில் வேலை பார்க்கிறார். குளிர்காலத்தில் நண்பர்களோடு பாலைவனத்தில் கூடாரம் போட்டுத் தங்குவார். பதினோரு வருடமாக அம்மா அதை வீடியோ காலில் மட்டும்தான் பார்த்திருக்கிறார். இந்த விடுமுறைக்கு அத்தா கூடாரத்தையே கொண்டுவந்துவிட்டார். பச்சைமலையில் ஒரு விவசாயக் குடும்பம் தங்கள் சொந்த நிலத்தில், காட்டின் ஓரமாகத் தங்கிக்கொள்ளச் சம்மதித்திருந்தது. அடுத்த சனிக்கிழமை கிளம்பி இரண்டு இரவு. அதற்கடுத்த புதன்கிழமை அத்தாவுக்கு விமானம். தள்ளிப்போட நாள் இல்லை.

அம்மா ஒரு நிபந்தனை வைத்தார். "மொதல்ல பக்கத்துல எங்கயாச்சும் போட்டுக் காட்டுங்க. சரியா இருந்தா வாரேன். இல்லேன்னா மலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்." எனக்கு அது நியாயமாகவே பட்டது. மருத்துவமனைக் கருவிகளைப் பராமரிப்பது என் வேலை. சோதிக்காத கருவியை நோயாளி பக்கம் கொண்டுபோக மாட்டோம். என் கையில் முப்பத்திரண்டு பொருள்களின் பட்டியல் இருந்தது. கடைசி வரி: 'அம்மாவின் முடிவு'. எதிரே காலியிடம்.

நடத்துநர் நீளப் பையைத் தட்டிப் பார்த்தார். "என்னங்க இது?"

"கூடாரம்ங்க" என்றார் அத்தா பெருமையாக.

"எந்த ஊர்ல சர்க்கஸ் போடுறீங்க?"

"சர்க்கஸ் இல்லங்க, கோமாளி மட்டும்தான் கூட வாராரு" என்றார் அம்மா. பின் இருக்கைகள் வரை சிரித்தன. லக்கேஜ் டிக்கெட் மட்டும் குறையவில்லை.

புதுக்கோட்டையில் இட்லி சாப்பிட்டுப் பேருந்து மாறினோம். அன்னவாசல், இலுப்பூர் வழியாக விராலிமலை சேர்ந்தபோது 9.50. அங்கிருந்து ஆட்டோவில் நான்கு கிலோமீட்டர், 120 ரூபாய். என்னோடு கல்லூரியில் படித்த செல்வியின் மாந்தோப்பு. வேலியருகே இரண்டு மயில்கள் எங்களைப் பார்த்துவிட்டு, மேய்ச்சலைத் தொடர்ந்தன.

அத்தா தோப்பைச் சுற்றி வந்து, இரு வரப்புகளுக்கு நடுவில் ஒரு தாழ்வான இடத்தைத் தேர்ந்தெடுத்தார்.

"அங்கிட்டு வேணாம்ப்பா, பள்ளமா இருக்கு" என்றாள் செல்வி.

"பள்ளத்துலதான்மா காத்து அடிக்காது. கூடாரத்துக்கு எதிரி காத்துதான்."

அவருடைய கூடாரத்துக்கு ஆணி கிடையாது. நான்கு மூலையிலும் பைகளில் மணலை நிரப்பிக் கட்ட வேண்டும். இங்கே செம்மண்ணை நிரப்பினோம். அதற்கே ஒரு மணி நேரம் ஆனது. 11.30-க்குக் கூடாரம் நின்றது. நான் ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை.

ஒரு மணிக்கு உள்ளே உட்கார்ந்து புளிச்சோறும் அவித்த முட்டையும் சாப்பிட்டோம். அம்மா காலை நீட்டி, துணிச்சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார். முகத்தில் ஏறக்குறைய சம்மதம் தெரிந்தது.

2.10-க்கு மழை பிடித்தது. கூரை ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. "பாத்தியா?" என்றார் அத்தா. பத்து நிமிடத்தில் எங்களுக்குக் கீழே கூடாரத்தின் அடித்துணி மெல்ல ஆடியது.

"ஏங்க, தண்ணி மெத்தையும் சேத்தா வாங்கிட்டு வந்தீங்க?"

அம்மா கேட்டு முடிப்பதற்குள் வாசல் ஜிப்பின் அடியில் செந்நீர் உள்ளே வந்தது. என் பட்டியலில் குடை மூன்று இருந்தன. கூடாரத்துக்குள் தண்ணீர் வந்தால் என்ன செய்வது என்று ஒரு வரிகூட இல்லை. பச்சைமலை கைவிட்டுப் போனதாகவே நினைத்தேன்.

அம்மா சேலையைச் செருகிக்கொண்டு வெளியே இறங்கினார். செல்வியிடம் மண்வெட்டி வாங்கி, மேட்டுப் பக்கமாக வளைத்து ஒரு வாய்க்கால் வெட்டினார். எங்கள் வீட்டு வாசலில் ஒவ்வொரு மழைக்கும் அவர் செய்கிற வேலைதான். வந்துகொண்டிருந்த தண்ணீர் திரும்பி, கூடாரத்தைச் சுற்றிக்கொண்டு ஓடியது. மழை விட்டதும் எங்களை விரட்டி, கூடாரத்தை மேட்டுக்கு மாற்ற வைத்தார். நிழலுக்காக அத்தா மரத்தடியைக் காட்டினார். "கொப்பு ஒடிஞ்சு விழவா? அந்தத் தெளிஞ்ச எடத்துல போடுங்க" என்றார் அம்மா.

நனைந்த கூடாரத்தைப் பார்த்து அத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பதினோரு வருசத்துல இது ஒரு நாள்கூட நனைஞ்சதில்ல."

"அதான் நீச்சல் தெரியல."

மாலை 5.15, திரும்பும் பேருந்து. அத்தா தங்கிய பாலைவனத்தில் காற்று வரும் திசையைப் பார்த்து இடம் பிடிப்பார்கள். நாங்கள் போகப்போகும் மலையில் தண்ணீர் போகும் வழியைப் பார்க்க வேண்டும். அதற்கு எங்கள் மூவரில் ஒருவருக்குத்தான் பயிற்சி இருந்தது. நான் பேனாவைத் திறந்ததும் அம்மா சொன்னார்: "முப்பத்திமூணு, மண்வெட்டி. எழுது. எடத்த நான் பாக்குறேன்."

"அப்ப எனக்கு என்ன வேல?" என்றார் அத்தா.

"பையில மண்ண அள்ளிப் போடுங்க. அதுல ஒங்கள அடிச்சுக்க ஆளில்ல."

கடைசி வரிக்கு எதிரே, 'வருகிறார்' என்று எழுதினேன். அம்மா எட்டிப் பார்த்தார்.

"'வாரேன்' இல்லடி. ஒங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேன். அத எழுது."

அடித்துவிட்டு, அதையே எழுதினேன்.