அதிமதுரக் கடைக்கு எதிரே

தொண்டைக் கரகரப்புக்கு ஆவடி நாட்டு மருந்துக் கடையில் அதிமதுர வேர்ப்பொடி வாங்கினேன். பிரஷர் மாத்திரை போடுகிறேன் என்றும் சொன்னேன்.

"வேர்தானம்மா, இன்னா பண்ணப்போவுது? தெனம் பால்ல கலக்கிக் குடி" என்றார் கடைக்காரர்.

மூன்று மாதம் குடித்தேன். கால் வீங்கியது, பிரஷர் ஏறி ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பிரஷர் இருப்பவர்கள் அதிமதுரத்தைத் தொடக்கூடாது என்றார் டாக்டர்.

யாரிடமும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை எனக்கு. ஆனால் இப்போது தினமும் சாயங்காலம் அந்தக் கடைக்கு எதிரே உட்கார்ந்துகொள்கிறேன். பொடி கேட்பவர்களிடம், "உனக்கு பிரஷர் இருக்குதாம்மா?" என்று மெதுவாகக் கேட்கிறேன். பாதிப் பேர் திரும்பிவிடுகிறார்கள்.

"என் பொயப்பக் கெடுக்கறியே ஆயா" என்றார் கடைக்காரர் நேற்று.

டப்பாவில் எச்சரிக்கை எழுதி ஒட்டச் சொன்னேன். ஒட்டினார். எழுத்து பொடியாக இருந்தது. பெரிதாக எழுதும்வரை வருவேன் என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன்.