சபைச் சரித்திரத்தில் என் கைவரிசை

ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தேன். அப்போது எனக்குப் பழைய சரித்திரப் பைத்தியம் தலைக்கேறியிருந்தது. ரோமாபுரி, எகிப்து, ஆதித் திருச்சபை என்று எந்தப் புத்தகம் அகப்பட்டாலும் விடமாட்டேன். பின்னக் கணக்கு நடத்துகிறபோதுகூட விசுவாசத்துக்காக உயிர்விட்ட ரத்தசாட்சிகளை இழுத்துவந்து பிள்ளைகளைத் திண்டாட வைப்பேன்.

எங்கள் வாசகசாலையில் சபைச் சரித்திரம் ஒன்று இருந்தது. தடித்த புத்தகம், ஒரே பிரதி. வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது விதி. யாராவது எச்சில் தொட்டு அதன் பக்கத்தைப் புரட்டினால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். ஆகையால் நான் படித்து முடித்ததும் அதைப் பழைய அறிக்கைக் கட்டுகளுக்குப் பின்னால் சொருகிவிடுவேன். அந்தக் கட்டுகளை எவனும் தொடமாட்டான். புத்தகத்துக்கு மரியாதை செய்வதாகத்தான் என் நினைப்பு. என்ன வெட்கக்கேடு!

கங்கைகொண்டான் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் சனிக்கிழமைதோறும் அந்த வாசகசாலைக்கு நடந்தே வருவார். அங்குள்ள ஜெபவீட்டுக்குத் தற்காலிக உபதேசியார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். மிஷன் துரை வைக்கும் பரீட்சையில் தேறினால் வேலை நிலைக்கும். தேறாவிட்டால் பெண்டாட்டி பிள்ளைகளோடு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போக வேண்டியதுதான். பரீட்சைக்குப் பாடமே அந்தச் சபைச் சரித்திரம்.

நாலு சனிக்கிழமை அலமாரியைத் துழாவிவிட்டு ஐந்தாவது வாரம் என்னிடம் வந்தார்.

"ஐயா, அந்தப் புஸ்தகம் எங்கன இருக்குன்னு தெரியுமா? நானும் தேடுதேன், தேடுதேன், கண்ணுல படமாட்டேங்கு."

எட்டி எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் எடுத்தால் ஒளித்துவைத்தவன் யார் என்பது வெளிச்சமாகிவிடும். "நானும் காணலியே வே" என்றேன். அவர் முகம் தொங்கிப்போயிற்று. உடனே எனக்குப் பெரிய மனசு வந்துவிட்டது. "அதுக்கென்ன, எனக்கு அது மனப்பாடம். இரும், சொல்லுதேன்."

அப்படித்தான் வாரந்தோறும் சொல்ல ஆரம்பித்தேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்பார், சிலேட்டில் குறிப்பார். அவர் கேட்ட கேள்விகளை என் வகுப்பில் ஒரு பயலும் கேட்டதில்லை. "ரத்தசாட்சிகளச் சிங்கத்துக்கு முன்னால தள்ளுனப்போ அவுக பிள்ளையள எல்லாம் யாரு வச்சிருந்தா?" என்பார். புத்தகத்தில் அது இல்லை. தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இட்டுக்கட்டினேன். ருசி கண்டுவிட்டது. உபத்திரவம் முடிந்த அதிகாரத்துக்கு வந்தபோது, சக்கரவர்த்தி ஆணை பிறப்பித்தார், சிறைகள் திறந்தன என்பதோடு புத்தகம் முடித்துக்கொள்ளும். நான் அந்தச் சக்கரவர்த்தியை வெறுங்காலோடு சிறைக்கு நடத்திக்கொண்டு போனேன். அவர் கையாலேயே விலங்கைக் கழற்றவைத்தேன், புண்களைக் கழுவவைத்தேன். உபதேசியார் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று வீட்டுக்குப் போகும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பரீட்சை முடிந்து பத்து நாள் கழித்து, பள்ளிக்கூட வாசலில் எனக்காகக் காத்திருந்தார்.

"தேறலை, ஐயா" என்றார். "வாய்ப்பரீட்சையில தொரை அந்த ராசாவப் பத்திக் கேட்டாரு. வெறுங்காலோட போனதச் சொன்னேன். சிரிச்சிட்டாரு. எந்தப் புஸ்தகத்துல இருக்குன்னாரு. சபைச் சரித்திரத்துலன்னேன். நீரு படிக்காமக் கதை கட்டுதீருன்னு சொல்லி அனுப்பிட்டாரு."

"நான் சொன்னேன்னு சொல்லலியா?"

"ஒங்களுக்கு எதுக்கு வீண் சங்கடம்? நீங்க எனக்காக எத்தன சனிக்கிழமை செலவழிச்சிருக்கிய!" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தொரைதான் அந்தப் பக்கத்தச் சரியாப் பாக்காம இருந்திருப்பாரு. என்னய்யா?"

என்மேல் துளிச் சந்தேகமும் அந்த முகத்தில் இல்லை. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இதுதான்: "தொரைமாரு எல்லாத்தையும் படிச்சிருப்பாகன்னு சொல்ல முடியாது வே."

"அதான நானும் நெனச்சேன்" என்று அவர் ஆறுதலாகச் சிரித்தார். திங்கட்கிழமை தூத்துக்குடியில் கப்பல் ஏறுவதாகச் சொல்லி, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடைபெற்றார்.

அன்று வெள்ளிக்கிழமை. துரையின் பங்களா எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. கோபக்காரர் என்றாலும் நியாயஸ்தர். கதை கட்டியது நான், அந்த மனிதர் இல்லை என்று போய்ச் சொல்லியிருந்தால் மறுபடி பரீட்சை வைத்திருப்பார். எனக்கு வேலை போயிருக்கலாம், அவ்வளவுதான். உயிரையே கொடுத்தவர்களின் கதையை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். சனிக்கிழமை போகலாம் என்றிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போகலாம் என்றிருந்தேன். கடைசிவரை போகவில்லை.