பிரித்தெடுத்த நூல்

என் தையல் பெட்டிக்குள் பழைய பவுடர் டப்பா ஒன்று இருக்கிறது. அதில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு சிவப்பு நூல் உருண்டை கிடக்கிறது. முழு நூல் இல்லை, எல்லாம் தையலைப் பிரித்தெடுத்த துண்டுகள். மூன்று முறை வீடு மாறியபோதும் அந்த டப்பாவை மட்டும் யாரிடமும் கொடுக்காமல் நானே கையில் எடுத்து வந்தேன். "இந்தக் குப்பைய ஏன் கட்டிக்கினு அழுவுற" என்பார் என் கணவர். முன்பு நான் வேலை பார்த்த இடத்துச் சூப்பர்வைசர் அக்காவை மறந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்திருக்கிறேன் என்று அவரிடம் சொன்னதில்லை.

கடலூர் முதுநகரில், ரயில் ஜங்ஷனுக்குப் போகிற வழியில் ஒரு மாடி ஹாலில் எங்கள் யூனிட் இருந்தது. இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சு பரப்பிக் கையால் தைக்கிற போர்வைகள் செய்தோம். குவில்ட் என்போம். என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பெண்கள். நூல் பார்த்து வாங்குவது என் பொறுப்பு. அப்பா கடலுக்குப் போகிறவர். நைலான் வலை இழுத்து இழுத்து அவர் விரல் மடிப்புகளில் வெட்டு விழுந்திருக்கும். அதைப் பார்த்து வளர்ந்ததால் நூல் என்றால் எனக்கு ஒரு பயமும் மரியாதையும் உண்டு. போர்வை இழுபட்டால் நூல்தான் அற வேண்டும், துணி அறக் கூடாது. அறுந்த நூலை மறுபடி தைத்துக்கொள்ளலாம். அதனால் பருத்தித் துணிக்குப் பருத்தி நூல்தான் எடுப்பேன். நூல்கண்டிலிருந்து முழங்கை நீளத்துக்கு அளந்து வெட்டி, தேன்மெழுகில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் சிக்காமல் ஓடும். கலர் நூல் என்றால் கொஞ்சம் நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்தித் தேய்த்துப் பார்ப்பேன். சாயம் ஒட்டினால் அந்தக் கண்டு ஹாலுக்குள் வராது.

ஒரு தடவை வெள்ளைத் துணியில் சிவப்பு நூல் ஓட வேண்டிய பெரிய போர்வை வந்தது. பண்ருட்டிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்த சூப்பர்வைசர் அக்கா, வரும்போதே ஒரு பெட்டி சிவப்பு நூல் வாங்கி வந்து மேஜையில் வைத்தார். நனைத்துத் தேய்த்தேன். வெள்ளைத் துணி வெற்றிலை துப்பின மாதிரி ஆனது. எல்லார் முன்னாலும் காட்டி, "அக்கா, இது சாயம் வுடுது, வேணாம்" என்றேன். அவர் துணியைப் பார்க்கவே இல்லை. "நூலுல என்னாடி இருக்குது? எல்லாம் நூலுதான். குந்தித் தையி" என்றார். தைத்தோம். பேக்கிங்குக்கு முன் அலசியபோது வெள்ளை முழுக்க ரோஸ் நிறம் பரவிவிட்டது.

முதலாளி வந்து நின்றார். யார் நூல் எடுத்தது என்று கேட்டார். சூப்பர்வைசர் அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நூலு பாக்குறது இவதான் சார்" என்று என்னைக் கை காட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள், "சொன்னாலும் கேக்க மாட்டா சார்" என்று வேறு சேர்த்துக்கொண்டார். கூட இருந்த பதினோரு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்களுக்கும் வேலை வேண்டும். ஹாலின் நடுவில் தனியாக உட்கார வைத்து அந்தப் போர்வை முழுவதையும் என்னைப் பிரிக்கச் சொன்னார் அக்கா. சாயம் ஏறிய துணியில் நூலைப் பிரித்து என்ன ஆகப்போகிறது? மற்றவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். நான்கு நாள் பிரித்தேன். ஐந்தாம் நாள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பிரித்த நூலை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினேன்.

பிறகு கணவருக்கு வேலை கிடைத்து சிதம்பரம் பக்கம் அண்ணாமலை நகருக்கு வந்துவிட்டோம். வீட்டிலேயே தைக்க ஆரம்பித்தேன். குவார்ட்டர்ஸ் வீடுகளில் குழந்தை பிறந்தால் போர்வைக்கு என்னைத்தான் தேடுவார்கள். போன வருஷம் தை மாதத்தில், யாரோ சொல்லக் கேட்டு, வாசலில் வந்து நின்றது சூப்பர்வைசர் அக்கா. தலை நரைத்திருந்தது. "எப்பிடி இருக்குற? எளைச்சிப் போயிட்ட" என்று உரிமையோடு உள்ளே வந்து உட்கார்ந்தார். நடந்தது அவருக்கு அடியோடு மறந்து போயிருந்தது. நான் அத்தனை வருஷம் டப்பாவில் போட்டுப் பாதுகாத்தது அவர் நினைவில் ஒரு மூலையில்கூட இல்லை.

மடியில் வைத்திருந்த பையிலிருந்து ஐந்து புடவைகள் எடுத்தார். செத்துப்போன அவருடைய அம்மா கட்டியவை. துவைத்துத் துவைத்து வெங்காயச் சருகு போல ஆகியிருந்த பருத்திப் புடவைகள். அதில் ஒரு போர்வை வேண்டும் என்றார். "அம்மாவப் போத்திக்கினு படுத்த மாரி இருக்கும்டி." எனக்கு இரக்கம் வரவில்லை. வந்ததாக எழுதினால் பொய்.

மேஜையில் இரண்டு கண்டுகளை வைத்தேன். ஒன்று பருத்தி, மங்கலான நூல். இன்னொன்று பாலியஸ்டர், பளபளப்பு. "எது வேணும்க்கா, நீங்களே எடுங்க" என்றேன். அந்த நைந்த துணியில் பாலியஸ்டர் ஓடினால் உள்ளேயிருந்தே அறுத்துவிடும் என்று எனக்குத் தெரியும். ஆயிரம் போர்வைகளை மேற்பார்வை பார்த்த அவருக்குத் தெரியாது. விரலால் தொட்டுப் பார்க்காமலே பளபளப்பை எடுத்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். தையலில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை. அரிசி அரிசியாக, என் வாழ்நாளிலேயே அழகாக விழுந்த தையல் அதுதான்.

ஒரு வருஷம் முடிவதற்குள் போர்வையோடு வந்தார். அலசிப் பிழிந்த இடமெல்லாம் தையல் வழியே துணி நீளநீளமாகப் பிளந்து பஞ்சு எட்டிப் பார்த்தது. நூல் ஒன்றுகூட அறவில்லை.

"நூலாலயா?" என்றார்.

"ஆமாக்கா. நீங்க எடுத்த நூலு."

"தெரிஞ்சுமா தச்ச? சொல்லிருக்கலாம் இல்ல?"

"சொன்னேன்க்கா. முதுநகர்ல ஒருதரம் சொன்னேன்."

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது, முகத்தில் அது ஏறுவதைக் கண்ணால் பார்த்தேன். இந்த நிமிஷத்துக்காக எத்தனையோ வார்த்தைகள் சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. மிஞ்சிய துணியை வேறு துணியில் பதித்துப் பருத்தி நூலில் தைத்துத் தருகிறேன், ஆனால் பழைய நூலை நீங்கள்தான் பிரிக்க வேண்டும் என்றேன். மறுப்பார் என்று நினைத்தேன். மூன்று நாள் மத்தியானம் கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்து என் கூடத்தில் உட்கார்ந்து பிரித்தார். நூலை உருவ உருவ அம்மா புடவையும் கூடவே கிழிந்தது. மூன்றாம் நாள், தலை நிமிராமல், "அந்தச் செவப்பு நூலு நாந்தான்டி வாங்கியாந்தேன்" என்றார். நான் அதைக் கேட்க ஏங்கியது முதுநகர் ஹாலில், பதினோரு பேர் முன்னால். இங்கே இருந்தது நாங்கள் இரண்டு பேரும் ஒரு மின்விசிறியும்.

மிஞ்சியது ஒரு தலையணை உறைக்குத்தான் தேறியது. தைத்துக் கொடுத்தேன். அதை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போனார். செய்தது தப்பு என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஆறிவிடும் என்று நினைத்தது ஆறவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர் போனதும் டப்பாவைத் திறந்தேன். குப்பையில் போட்டுவிடலாம் என்றுதான் எடுத்தேன். கைப்பழக்கத்தில் உருண்டையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்தித் தேய்த்தேன். இன்னும் சாயம் விடுகிறது. டப்பாவை மூடிப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டேன்.