பேர் வெட்டிய தூக்கு

கள்ளக்குறிச்சியில் எங்களுடையது பழைய சாமான் கடை. என் வீட்டுக்காரர் வண்டி நிறைய பிளாஸ்டிக் வாளி, குடம் கட்டிக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போவார். அவற்றைக் கொடுத்துவிட்டுப் பழைய அலுமினியம், பித்தளை வாங்கி வருவார். தரம் பிரிப்பது நான். ஏழாவதோடு நின்றவள். அதற்கப்புறம் நான் படித்ததெல்லாம் பாத்திரங்களில் வெட்டியிருக்கும் பேர்களைத்தான்.

பேரைப் பார்த்தாலே பயம். திருட்டுச் சாமானாக இருந்து, யாராவது தேடி வந்து நின்றால்? அதனால் பேர் வெட்டியதை முதலில் சம்மட்டியால் தட்டி நசுக்கிவிடுவேன்.

"எப்பப் பாரு பயந்துக்கினே கீற. போலீஸ் ஒன்னியத் தூக்கிக்கினு போனா, சோறு போட்டே அவனுக்கு மாளாது" என்பார் அவர்.

போன மழைக்காலத்தில் மலையிலிருந்து ஒரு பெண் பஸ் பிடித்து வந்தாள். கையில் எங்கள் பச்சை வாளி. ஸ்டிக்கர்கூடக் கிழிக்கவில்லை.

"யக்கா, எங்க வூட்டுக்காரு தெரியாம ஒரு தூக்கைப் போட்டுட்டாரு. எம் பொண்ணு ஆஸ்டலுக்கு எடுத்துக்கினு போனது. அவ பேரு வெட்டியிருக்கும்."

"பொண்ணுக்கு வேற வாங்கிக்கலாமேம்மா?"

"அவ இல்ல யக்கா. ஜொரத்துல போயிட்டா."

அலுமினியம் விலை இறங்கியிருந்ததால் சேலத்துக்கு உருக்க லோடு போகவில்லை. மூட்டைகளைக் கொட்டினோம். அவள் பேரைச் சொன்னாள். நான் ஒவ்வொரு தகடாகத் திருப்பிப் படித்தேன்.

கிடைத்தது. தட்டையாக. முதல் இரண்டு எழுத்து தெரிந்தது, மீதி மடிப்புக்குள். அவர் திருப்புளியால் நெம்பினார். மடிப்பில் கீறல் விட்டது.

"வுட்டுடுங்கண்ணா" என்றாள்.

குவியலிலிருந்து நசுங்காத தூக்கு ஒன்றை எடுத்துத் துடைத்து நீட்டினேன். "இதுல பேரு இல்லம்மா. புதுசா வெட்டிக்கலாம்."

"யாரு பேரை யக்கா வெட்டறது?"

தகட்டை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். வாளியை எடுத்துப் போகச் சொன்னேன். "அதுக்கு இதுதான யக்கா கணக்கு" என்று வாசலிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

உருக்கினால் மறுபடி பாத்திரம்தான், ஒன்றும் வீணாகாது என்று எல்லோரிடமும் சொல்கிறவர், அன்றைக்குக் கொட்டியதையெல்லாம் தானே அள்ளி மறுபடி மூட்டை கட்டினார்.

இப்போது பேர் வெட்டியதை நான் நசுக்குவதில்லை. தனிச் சாக்கில் கட்டி வைக்கிறேன். இடம் அடைக்கிறது. லோடு ஏற்றும்போதெல்லாம், "அதையும் போடட்டுமா?" என்று கேட்கிறார்.

"அடுத்த லோடுல போடலாம்" என்கிறேன்.

அவளுக்கு அப்புறம் இதுவரை யாரும் தேடி வரவில்லை.